அவர் இறங்கி வந்த விதம்

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள ஒரு வீடியோ பார்த்தால் போதும். அதே விஷயத்தில் குழம்பிப்போக வேண்டுமென்றால் இரண்டு பார்க்க வேண்டும். நான் இரண்டு பார்த்தேன். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடப்பாக்கம் சவுக்குத் தோப்பில், பெண் கேட்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பாவைத் துணிக்குள் மடித்து மணலில் இறக்கி வைத்தேன்.

ஆட்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எட்வின், ஊர் செங்கல்பட்டு. மறைமலைநகர் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தர ஆய்வாளர் வேலை. அதாவது அடுத்தவன் செய்து வைத்த போல்ட்டை எடுத்து அளந்து பார்த்து, 'சரியில்லை' என்று திருப்பி அனுப்புவது. (இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள்.) அங்கேயே கணக்குப் பிரிவில் இருந்தவள் பவானி. அவளுக்குக் கடப்பாக்கத்தை ஒட்டிய மீனவக் குப்பம். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். சாதியும் வேறு. என் அப்பா இல்லை, அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் ஜெபம் பண்ணிவிட்டு, "பொண்ணு நல்லா சாப்பிடுவாளா?" என்று மட்டும் கேட்டார். எங்கள் பக்கம் அத்தோடு முடிந்தது.

பவானி பக்கம் முடியவில்லை. அவள் அப்பா கன்னியப்பன் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். ஏலத்தில் அவர் குரல் எழுந்தால் ஆலம்பரைக் கோட்டையில் மிச்சமிருக்கிற செங்கல்லும் உதிரும் என்பார்கள். அந்தக் குரலையெல்லாம் கரையிலேயே செலவழித்துவிடுவாரோ என்னவோ, வீட்டில் வாயே திறக்கமாட்டார். பவானி என்னைப் பற்றிச் சொன்னபோது அவர் சொன்ன ஒரே வார்த்தை, "பாக்கலாம்." இது சம்மதமா, மறுப்பா, தேதி தள்ளிவைப்பா என்று பவானிக்கும் தெரியவில்லை, அவள் அம்மா லட்சுமிக்கும் தெரியவில்லை.

கடைசியில் என்னைப் பார்ப்பதற்கு மட்டும் ஒத்துக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை. "முடிவு ஆவாம வூட்டுக்குள்ள வுட்டா, நாளைக்கு வேணாம்னு சொன்னாலும் ஊரு வுடாது. வெளிய எங்கனா பாத்துக்கலாம்." அப்படித்தான் சவுக்குத் தோப்பு முடிவானது. கடல் பக்கம், நிழல் உண்டு, அவர்கள் குப்பத்திலிருந்து நடக்கிற தூரம். இரண்டு குடும்பமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்து பேசிவிட்டுக் கலைவது என்று ஏற்பாடு.

பவானி போன் செய்தாள். "அப்பாவால தரைல ஒக்கார முடியாதுப்பா. ஐஸ் பொட்டி தூக்கறப்ப முதுகு புடிச்சிகிச்சு. நீ வர்றப்ப ரெண்டு பிளாஸ்டிக் சேர் போட்டுகினு வா."

இரண்டு பிளாஸ்டிக் சேர். அவ்வளவுதான் அவள் கேட்டது. வேறு எவனாக இருந்தாலும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போயிருப்பான், கல்யாணம் முடிந்திருக்கும், இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் அந்தச் சமயத்தில் என்னிடம் ஒரு ஹேமக் இருந்தது. கம்பெனி நண்பர்களோடு மலையேறப் போகலாம் என்று வாங்கியது. (மலையேறவில்லை. வாங்கினேன், அவ்வளவுதான்.) பாராசூட் துணி மாதிரி மெல்லியது, பச்சை நிறம், இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்க வேண்டியது. முதுகுவலிக்காரருக்கு இதைவிட வேறென்ன மரியாதை செய்ய முடியும் என்று தோன்றிவிட்டது.

"சேர் எதுக்கு? உங்க அப்பா முதுகுக்குன்னே ஒண்ணு ரெடி பண்றேன்," என்றேன்.

"எட்வின், சேர் போதும்," என்றாள் பவானி. அந்தக் குரலில் இருந்த எச்சரிக்கை இப்போது எனக்குத் துல்லியமாகக் கேட்கிறது. அப்போது அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹேமக்கை அப்படியே கட்டினால் வாழைப்பழம் மாதிரி வளையும், முதுகுக்கு ஆகாது. அதற்கு 'ரிட்ஜ்லைன்' என்று ஒன்று வேண்டும் என்று முதல் வீடியோ சொன்னது. பனிக்காட்டில் நின்றுகொண்டு ஒரு தாடிக்காரர் விளக்கினார். ஹேமக்கின் தலைமாட்டு முனைக்கும் கால்மாட்டு முனைக்கும் நடுவே, படுப்பவரின் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். மரங்கள் கிட்டே இருந்தாலும் தள்ளியிருந்தாலும் அந்தக் கயிறு துணியின் தொய்வை ஒரே அளவில் வைத்திருக்கும். அதன் நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி செய்துவிட்டால், யார் முதுகுக்கு எப்படி வேண்டுமோ அப்படி வைத்துக்கொள்ளலாம். அட்ஜஸ்டபிள் ரிட்ஜ்லைன். அந்தப் பெயரே எனக்குப் பிடித்துப்போனது. மாமனாராகப் போகிறவருக்கு அட்ஜஸ்ட் ஆகிற மாப்பிள்ளை என்று ஒரு வசனம் கூட மனதில் எழுதி வைத்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அடுத்த வீடியோ தானாக ஓட ஆரம்பித்தது. அதிலும் ரிட்ஜ்லைன்தான், அதிலும் தாடிதான். ஆனால் இது மழைக்கு மேலே தார்ப்பாய் போடுகிறவர்களுக்கானது. இந்த ரிட்ஜ்லைன் மரத்திலிருந்து மரத்துக்கு ஓடும். அதில் சின்னக் கயிற்றால் சுற்றிச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சில் தார்ப்பாயைத் தொங்கவிடுவார்கள். 'புரூசிக்' என்று பெயர். கையால் தள்ளினால் நகரும், பாரம் இழுத்தால் கடித்துக்கொண்டு நிற்கும்.

இரண்டு வேறு கயிறு, இரண்டு வேறு வேலை, பெயர் மட்டும் ஒன்று. இது எனக்கு இப்போது தெரியும். அப்போது என் மண்டைக்குள் இரண்டு தாடியும் சேர்ந்து ஒரே தாடி ஆகிவிட்டது. மரத்துக்கு மரம் ஒரு கயிறு கட்டுவது, அதில் இரண்டு பக்கமும் வழுக்கு முடிச்சுப் போடுவது, அந்த முடிச்சுகளில் ஹேமக்கின் இரண்டு முனையையும் மாட்டுவது. முடிச்சைத் தள்ளித் தள்ளி வைத்தால் துணி நீளும், கிட்டே வைத்தால் தொங்கும். ஒரு தார்ப்பாய்க்குச் சொன்ன ஏற்பாட்டில் ஒரு முழு மனிதரைத் தொங்கவிடப் போகிறோம் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டித் தூணுக்கும் படிக்கட்டுக் கம்பிக்கும் நடுவே கட்டிப் பார்த்தேன். அம்மா துணி காயப்போட வந்தார்.

"இன்னாடா இது, கொடி மாதிரி கீது?"

"ரிட்ஜ்லைன் மா."

"இன்னா லைன்?"

விளக்கினேன். அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அவரு இன்னா கைக்கொழந்தயா, தூளில போட?" என்று சொல்லி, ஒரு ஈரப் புடவையை என் ரிட்ஜ்லைனிலேயே போட்டுவிட்டுப் போனார்.

முடிச்சு விஷயத்தில் எனக்கே சந்தேகம் இருந்ததால் பவானியிடம் போனில் கேட்டேன். "உங்க ஊர்ல எல்லாருக்கும் கயிறு, முடிச்சு எல்லாம் அத்துப்படியா இருக்குமே. உங்க அப்பா தப்பு கண்டுபுடிச்சிருவாரா?"

"எங்க அப்பா படகுல ஏறுனா வாந்தி எடுப்பாரு," என்றாள். "அவருக்குத் தெரிஞ்ச ஒரே முடிச்சு லுங்கி. அதுவும் அப்பப்ப அவுந்துடும்."

எனக்கு நிம்மதியாக இருந்தது.

சோதனை நடந்தது. ஹேமக்கில் அரிசி மூட்டையை ஏற்றினேன். முடிச்சு அசையவில்லை. நான் ஏறி உட்கார்ந்தேன். அசையவில்லை. தர ஆய்வாளர் மனம் குளிர்ந்தது. ஆனால் இறங்கிய பிறகு முடிச்சை நகர்த்தப் பார்த்தால், அது அப்போதும் அசையவில்லை. பாரத்தில் இறுகிப்போய்விட்டது. குறடு வைத்து இழுத்தேன். பல்லால் கூட முயன்றேன். அட்ஜஸ்டபிள் என்று பெயர் வைத்துவிட்டு, அட்ஜஸ்ட் ஆகாத ஒன்றைக் கொண்டுபோய் அவர் முன்னால் எப்படி நிற்பது? 'முதுகுக்கு ஏத்த மாதிரி வெச்சிக்கலாம்' என்று சொல்லிவிட்டுக் குறடைத் தேடினால் நன்றாகவா இருக்கும்?

சனிக்கிழமை சாயங்காலம் அதற்கு ஒரு வழி கிடைத்தது. அம்மா மாதா படத்துக்கு முன்னால் ஏற்றும் மெழுகுவர்த்தியை எடுத்து, கயிறு முழுக்கத் தேய்த்தேன். நன்றாக, நிதானமாக, மூலைமுடுக்கெல்லாம் விடாமல். அதன்பிறகு முடிச்சு வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. ஒரு விரலால் தள்ளினேன், போனது. இன்னொரு விரலால் தள்ளினேன், வந்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

மறுபடி பாரம் ஏற்றிப் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். கம்பெனியிலும் இதைத்தான் கேட்டார்கள். இல்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து, அம்மாவும் நானும் எங்கள் பழைய காரில் செய்யூர் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். அம்மா மடியில் பிரியாணிப் பாத்திரம். எனக்கு வழியெல்லாம் வேறொரு குழப்பம்: அவரை என்னவென்று கூப்பிடுவது? 'மாமா' என்றால் முடிவே ஆகாமல் உரிமை எடுப்பதாகும். 'சார்' என்றால் கம்பெனி மாதிரி. 'அண்ணே' என்றால் பவானி எனக்கு என்ன முறை ஆவாள்? கடைசியில் எதுவுமே கூப்பிடாமல் 'வந்து...' என்று ஆரம்பித்தே அன்றைய பொழுதை ஓட்டுவது என்று முடிவு செய்தேன்.

அவர்கள் முன்பே வந்திருந்தார்கள். பாய் விரித்து, மீன்குழம்புத் தூக்கைத் துணியால் மூடி வைத்திருந்தார் லட்சுமி அம்மா. கன்னியப்பன் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில், இடுப்பில் கையை ஊன்றி ஒரு சவுக்கு மரத்தோடு மரமாக நின்றார்.

"சேர் எங்க?" என்றாள் பவானி.

நான் பையைத் திறந்தேன். மரங்களுக்கு நடுவே கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சுகளில் ஹேமக்கை மாட்டி, ஒற்றை விரலால் நகர்த்திக் காட்டினேன். "வந்து... இது உங்க முதுகுக்கு ஏத்த மாதிரி வெச்சிக்கலாம்."

அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, இது தாங்குமா?"

"நான் டெஸ்ட் பண்ணிட்டேன்," என்றேன். இது பொய் இல்லை. மெழுகுக்கு முந்தைய உண்மை.

ஏற்றிவிட்டோம். படுத்தார். கால் இரண்டும் தரையை விட்டு உயர்ந்தன. கடல் காற்று அடித்தது. கண்ணை மூடினார்.

"நல்லாத்தான் கீது," என்றார்.

லட்சுமி அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அவரு எதையும் நல்லாருக்குன்னு சொல்லவே மாட்டாரு," என்று என் அம்மாவிடம் கிசுகிசுத்தார். இரண்டு அம்மாக்களும் பாயில் நெருங்கி உட்கார்ந்தார்கள். பவானி எல்லோருக்கும் மோர் ஊற்றினாள். நான் ஹேமக்குக்கு எதிரே மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பரீட்சை ஆரம்பமானது.

"வேல நிரந்தரம்தானா?"

சொன்னேன். சம்பளம், இரவுப் பணி, கம்பெனி பஸ், எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது அவர் முகம் கொஞ்சம் ஒடுங்கியது போல் தெரிந்தது. துணியின் இரண்டு ஓரமும் காதருகே வந்திருந்தன. பதற்றத்தில் கண் அப்படித் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"குடி?"

"இல்ல."

"இல்லன்னா இல்லியா, இல்ல எப்பனா ஒரு தபாவா?"

"எப்பனா ஒரு தபா கூட இல்ல."

இதற்குள் அவருடைய தலையும் காலும் ஒன்றையொன்று நோக்கி வர ஆரம்பித்திருந்தன. மெழுகில் இரண்டு முடிச்சும் சத்தமே இல்லாமல் நடுவை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தன. முடிச்சுகள் நெருங்க நெருங்க, துணி பை மாதிரி மூடிக்கொண்டே வந்தது. அவர் உள்ளே மடிந்துகொண்டே இறங்கினார். வேகமாக விழுந்திருந்தால் யாராவது கத்தியிருப்போம். ஆனால் அவர் முகூர்த்தத்துக்கு வரும் மணப்பெண் மாதிரி அவ்வளவு நிதானமாக இறங்கினார். அதனால் அது விபத்து என்றே யாருக்கும் தோன்றவில்லை. லட்சுமி அம்மா பின்னால் சொன்னார்: "அது அப்டித்தான் போலன்னு நெனச்சிகினேன். நம்பளுக்கு இன்னா தெரியும், புது சாமானு." என் அம்மா கண்ணை மூடி ஜெபமாலையை எடுத்திருந்தார். பவானி மோர்ச் சொம்போடு என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். அது பிரியம் என்று நினைத்துப் புன்னகைத்தேன்.

கன்னியப்பனுக்கு மட்டும் தெரிந்திருக்கும். ஆனால் ஏலத்தை ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்திப் பழக்கமில்லை.

"கோயிலா, சர்ச்சா?" குரல் இப்போது துணிக்கு உள்ளிருந்து வந்தது.

இந்தக் கேள்விக்கு நான் வாரக்கணக்கில் பதில் தயாரித்திருந்தேன். "வந்து... ரெண்டும் வேணாம். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பண்ணிக்கலாம். அப்பறம் ரெண்டு பக்கமும் சாப்பாடு போட்டுடலாம். யாரும் யாருக்காகவும் மாறத் தேவயில்ல."

இப்போது வெளியே தெரிந்தது இரண்டு முழங்காலும் ஒரு கைக்கடிகாரமும்தான். நான் முழங்கால்களைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். மரியாதையாக அவற்றைத்தான் பார்க்க முடிந்தது.

"எம் பொண்ண நல்லா பாத்துப்பியா?"

நான் பேச வாயெடுத்தேன். உண்மையிலேயே மனதைத் தொட்ட கேள்வி அது. 'என் உயிர் மாதிரி' என்று சொல்ல நினைத்து, 'என்' என்று ஆரம்பித்த அந்த நொடியில், பச்சை மூட்டை மணலில் உட்கார்ந்தது. 'தொப்' என்று கூடச் சத்தம் வரவில்லை. 'ப்ஸ்' என்று ஒரு சத்தம். முழங்கால்களும் உள்ளே போய்விட்டன. இரண்டு முடிச்சும் நடுவில் சேர்ந்து முத்தமிட்டுக்கொண்டன.

யாரும் அசையவில்லை. பிறகு மூட்டைக்குள்ளிருந்து, கோபமும் இல்லாமல் அவசரமும் இல்லாமல், ஒரு குரல் வந்தது.

"மாப்ள, கதவத் தொற."

நான் பாய்ந்தேன். "இதோ மாமா," என்று என் வாயிலிருந்து வந்தது. துணியை எந்தப் பக்கம் விலக்கினாலும் இன்னும் துணி வந்தது. பவானி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இழுத்து, கடைசியில் முகத்தைக் கண்டுபிடித்தோம். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மூக்கு நுனியில் கொஞ்சம் மெழுகு. என்னையே பார்த்தார். நான் எதிர்பார்த்தது ஒரு அறை. அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. முகம் கோணியது.

"புடிச்சிகிச்சு," என்றார்.

அதோடு இதில் சிரிப்பதற்குரிய பகுதி முடிந்தது. முதுகு முழுதாகப் பிடித்துக்கொண்டது. எழவும் முடியவில்லை, புரளவும் முடியவில்லை. ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்றேன். "வெளக்கெல்லாம் போட்டுகினு வந்து ஊரக் கூட்டும். வேணாம். வூட்டாண்ட தூக்கினு போய் படுக்க வெச்சா சரியாப்பூடும்," என்றார். அவர்கள் தெருவுக்குக் கார் போகாது, முழுக்க மணல். அப்போதுதான் பவானி சொன்னாள், "அந்தத் துணியோடயே தூக்கிக்கலாம்."

அன்று முழுவதும் அந்த ஹேமக் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான். கயிற்றிலிருந்து அவிழ்த்து, தலைப்பக்க முனையை நான் தோளில் போட்டுக்கொண்டேன். கால்பக்கம் பவானியும் அவள் அம்மாவும். பின்னால் என் அம்மா, பிரியாணிப் பாத்திரமும் மீன்குழம்புத் தூக்குமாக, ஜெபம் சொல்லிக்கொண்டே. இப்படி ஒரு ஊர்வலம் குப்பத்துக்குள் நுழைந்தது.

மூன்று பேர் ஒருவரைத் துணியில் தூக்கி வர, பின்னால் ஒரு அம்மா முணுமுணுத்துக்கொண்டு வந்தால் ஊர் என்ன நினைக்கும்? முதல் வீட்டு வாசலில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா மாரில் கையை வைத்து, "ஐயோ அண்ணாத்த, பூட்டியே," என்று ஆரம்பித்துவிட்டார்.

"ஏய், உயிரோட தான் கீறேன்," என்றது துணி. அந்த அம்மா பயந்து உள்ளே ஓடினார்.

வலை கட்டும் கொட்டகையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒருவர் கேட்டார். "இன்னா அண்ணாத்த, படுத்துகினே வர்ற?"

"முதுகு புடிச்சிகிச்சுடா."

"செரி, இது யாரு முன்னால தூக்கினு வர்றது? புது ஆளா கீது."

எனக்குக் கால் தானாக நின்றுவிட்டது. முடிவாகாமல் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று சொன்ன மனிதரை, நான் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். ஊர் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் பவானியின் மூச்சும் நின்றது எனக்குத் தெரிந்தது. கம்பெனியில் வேலை செய்கிறவன் என்று சொல்லலாம், டிரைவர் என்று சொல்லலாம், வழியில் போனவன் என்று சொல்லலாம். எதைச் சொன்னாலும் நான் அதுவாகிவிடுவேன்.

"நம்ம மாப்ள தான்," என்றார் கன்னியப்பன்.

கேட்டவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்து, என் தோளில் இருந்த முனையில் பாதியை வாங்கிக்கொண்டார். "தள்ளிப் புடி மாப்ள," என்றார் அவரும். நான் தள்ளிப் பிடித்தேன்.

அவரை வீட்டில் படுக்க வைத்து, டீ குடித்து முடிப்பதற்குள் குப்பம் முடிவெடுத்துவிட்டது. கருவாட்டு அம்மா ஒரு பொட்டலத்தோடு வந்து, என் அம்மா கையில் திணித்து, "சம்மந்தி, வூட்டுக்குக் கொண்டு போங்க," என்றார். என் அம்மா வாங்கிக்கொண்டார். கன்னியப்பன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரும்பவே இல்லை.

திரும்பும் வழியில் காரில் பெரிய விவாதம்.

"மாப்ளன்னு சொன்னாரே," என்றார் அம்மா.

"அது சும்மா சொல்றது மா. எங்க கேன்டீன் டீ மாஸ்டர் கூட என்ன மாப்ளன்னுதான் கூப்புடறாரு."

"டீ மாஸ்டருக்குப் பொண்ணு கீதா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா."

அம்மாவுக்கு இது போதுமாக இருந்தது. எனக்கு இல்லை. ராத்திரி பவானிக்குப் போன் செய்தேன்.

"உங்க அப்பா எந்த மாப்ளன்னு சொன்னாரு?"

"தெர்லப்பா. ஐஸ் வண்டிக்காரனையும் மாப்ளன்னுதான் கூப்புடுவாரு. கேட்டுப் பாத்தேன், கண்ண மூடிகினாரு." பிறகு, "ஆனா நீ மாமான்னு கூப்ட்ட," என்றாள். "அது எந்த மாமா?"

நாளைக்குக் காலை ஷிப்டு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அடுத்த வாரமெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மனிதரின் முதுகைக் கெடுத்துவிட்டேன் என்ற குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். நான் யார் என்றே தெரியாத நிலை இன்னொரு பக்கம். கடப்பாக்கத்தில் நான் மாப்பிள்ளை. அந்த வீட்டுக்குள் இன்னும் ஆய்வில் இருக்கும் போல்ட். போன் செய்து எப்படி இருக்கிறது என்று கேட்கவும் பயம்.

அடுத்த ஞாயிறு மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை காரின் பின்சீட்டில் இரண்டு பிளாஸ்டிக் சேர். ஒவ்வொரு கையிலும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு மணல் தெருவில் நடந்தபோது, சீட்டாட்டக் கொட்டகையிலிருந்து, "இன்னா மாப்ள, சீரா?" என்று குரல் வந்தது.

கன்னியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கும் அளவுக்குத் தேறியிருந்தார். சேரைப் போட்டேன். அவர் அதன் நாலு காலையும் தனித்தனியாக அழுத்திப் பார்த்தார். நிதானமாக உட்கார்ந்தார். சாய்ந்தார். சேர் இறங்கவில்லை.

"இத மொதல்லயே எடுத்துகினு வந்துருக்கலாம் இல்ல," என்றார்.

"ஆமா," என்றேன்.

இன்னொரு சேரைக் காட்டினார். உட்கார்ந்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. பவானியும் அவள் அம்மாவும் கதவுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று தெரிந்தது.

"அன்னிக்கு சாப்பாடு போடலாம்னு சொன்னியே," என்றார்.

"ஆமா."

"மொதல் சாப்பாடு எங்க பக்கம். மீன் நான் எடுப்பேன். உங்கம்மா பிரியாணி ரெண்டாவது."

கதவுக்குப் பின்னால் ஏதோ ஒரு தட்டு விழுந்தது. எனக்குப் புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்தபிறகு, "சரிங்க மாமா," என்றேன். இந்தத் தடவை தெரிந்தேதான் சொன்னேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து, குப்பத்தில் மீன் சாப்பாடு, செங்கல்பட்டில் பிரியாணி. குப்பத்துப் பந்தலில் என்னைக் கயிற்றுப் பக்கமே விடவில்லை. பந்தல்காரர் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி என்னிடம் நீட்டியபோது, தெருவே ஒரே குரலில் தடுத்தது.

அந்த முதல் 'மாப்ள' எந்த மாப்ள என்று எங்களுக்கு இன்றைக்கும் தெரியாது. பவானி வருஷத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவாள். "முதுகு வலில இன்னா சொன்னேன்னு யாரு கண்டா," என்று சொல்லி அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கரைக்குப் போய்விடுவார். ஆனால் பச்சை மூட்டைக்குள்ளிருந்து அவர் சொன்ன அந்த முதல் வாக்கியம் இரண்டு வீட்டிலும் நிலைத்துவிட்டது. மீன்கூடையைத் தலையில் சுமந்துகொண்டு வாசலில் நிற்கும் லட்சுமி அம்மா, குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்ட என் அம்மா, பஸ்ஸில் கூட்டத்துக்கு நடுவே மாட்டிக்கொண்ட பவானி, யாராக இருந்தாலும் கூப்பிடுவது ஒரே மாதிரிதான்.

எங்கள் மகளுக்கு இப்போது நாலு வயது. தோப்பும் தெரியாது, ஹேமக்கும் தெரியாது. காலையில் பள்ளிக்கூடத்துக்கு எழுப்பினால் போர்வையை இழுத்துத் தலைமுதல் கால்வரை சுற்றிக்கொண்டு மூட்டையாகிவிடுகிறாள். நான் கட்டிலருகே போய் நின்றால், உள்ளிருந்து குரல் வரும்.

"மாப்ள, கதவத் தொற."

எந்த அர்த்தத்தில் என்று நான் கேட்பதில்லை. போய்த் திறக்கிறேன்.